மணியடித்தால்தான் புறப்படும்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடலோரம் ரயில்கள் ஓடுகின்றன. ஓய்வு பெற்றபின் என் கணவர் மேசைமேல் செய்யத் தொடங்கிய மாதிரி ரயில் அவற்றைப் போன்றதல்ல. அந்தக் காலத்தில் கிளைப்பாதைகளில் ஓடிய, இழுத்தும் தள்ளியும் போகும் நீராவி ரயில். போகும்போது எஞ்சின் முன்னால் நின்று இழுக்கும். திரும்பும்போது கழற்றி மாட்டுகிற வேலை இல்லை. அதே இடத்தில் நின்று பின்னாலிருந்து தள்ளும். சாரதி முன்பெட்டிக்குப் போய்விடுவார். கரி போடுபவர் எஞ்சினில் தனியே நிற்பார். முன்னால் என்ன வருகிறதென்று அவருக்குத் தெரியாது. சாரதியின் மணிதான் வழி சொல்லும்: ஒன்று அடித்தால் புறப்படு, மூன்று அடித்தால் நில்.

மாதிரி அரைகுறையாக இருக்கையில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சும் போனது. என்னைக் கூப்பிடக் கட்டிலருகே ஒரு கைமணி வைத்தேன். மனுஷன் தொட்டதேயில்லை. தண்ணீர் விடாய்த்தாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவரை அந்தச் சுவரிடம் விட்டுவிடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

மாதிரி ரயிலின் மிச்ச வேலையை நானே செய்தேன். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும்போதெல்லாம் பெட்டி வளைவில் கவிழ்ந்தது, பாரம் போதாது. கொட்டாஞ்சேனையில் தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் வாங்கிவந்து உள்ளே ஒட்டினேன். அதன்பிறகு கவிழவில்லை.

மாதிரி ரயில் கண்காட்சிக்கு அவரையும் அந்தக் கட்டிலடி மணியையும் கொண்டுபோனேன். ஒழுங்கு செய்த பொடியன் சக்கர நாற்காலியைப் பார்த்துவிட்டு, "அன்ரி, ஓடவிடாமல் சும்மா வைப்பமே?" என்றான்.

"ஓட்டத்தான் கொண்டுவந்தனான்."

எஞ்சின் முன்னால் நின்று இழுக்கும் முதல் ஓட்டத்தை நானே ஓட்டினேன். திரும்ப வேண்டிய நேரத்தில் அவன் கை நீட்டினான். "எஞ்சின் பின்னுக்கு நிக்குது அன்ரி, மாத்தி வைக்கட்டே?"

"கையை எடும் தம்பி. அது அங்கதான் நிக்கும்."

அவரை மேசையின் முன்முனையில் இருத்தி, இடது கையில் மணியைக் கொடுத்தேன். "இஞ்சேருங்கோ, நீங்கள் அடிச்சாத்தான் நான் விடுவன்." பின்முனைக்குப் போய்ச் சுவிட்சில் விரலை வைத்தபடி இருந்தேன்.

அவர் அடிக்கவில்லை. கூட்டம் முணுமுணுத்தது, சிலர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்கள். ஊர் பார்க்க அவரை அவமானப்படுத்திவிட்டேனோ என்று நினைத்தேன். ஆனாலும் விரலை அழுத்தவில்லை.

ஒரு மணி கேட்டது.

சுவிட்சைப் போட்டேன். பெட்டி முன்னால், எஞ்சின் பின்னால், வளைவில் கவிழாமல் ஊர்ந்தது. முனையில் மூன்று மணி. நிறுத்தினேன். கைதட்டினார்கள்.

"முடிஞ்சுதே அன்ரி? கழட்டுவமே?" என்றான் பொடியன்.

நான் வாய் திறக்குமுன் இன்னொரு மணி. அடுத்த ஓட்டத்தில் எஞ்சின்தான் முன்னால். சாரதி கரி போடுபவருக்குப் பக்கத்திலேயே நிற்பார், மணி தேவையே இல்லை. அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே, என்னைப் பார்த்து அடித்தார்.