வீணையில் குழாய்ப் பசை

2024 அக்டோபர் 1, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். ஆறரைக்குள் கத்தரிக்காய்க் கூட்டும் ரசமும் முடிந்தன. ஏழு இருபதுக்குக் கம்பெனி பஸ். ஹெப்பாள் தொழிற்சாலையில் பாகங்களின் அளவைச் சரிபார்ப்பது என் வேலை. அன்று நாற்பத்தாறில் மூன்றைத் திருப்பி அனுப்பினேன். மாலை ஆறரைக்கு வீணை ரிப்பேர்காரர் வீட்டுக்கு வந்தார்.

அவரை அனுப்பியவள் என் ஓர்ப்படி, கணவரின் தம்பி மனைவி. மகளின் நிச்சயதார்த்தப் படங்களுக்கென்று என் வீணையைப் போன மாதம் வாங்கிப் போனாள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆற்றங்கரையில் படம் எடுத்துவிட்டு, வீணையைக் காருக்குள் வைத்துப் பூட்டி, வெயிலில் மூன்று மணி நேரம் விட்டுவிட்டார்கள். தந்திகளுக்கு அடியில் இருக்கும் பித்தளைக் கம்பிகளான மெட்டுகள் மெழுகில் பதிந்து நிற்பவை. மெழுகு இளகி இருபத்துநான்கும் சரிந்துவிட்டன. அதைச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். அவள் குழாய் ஒழுகலை அடைக்கும் பசையை வாங்கி, மெட்டுகளைத் தோன்றிய இடத்தில் ஒட்டி, உறையில் போட்டு அனுப்பிவிட்டாள். அதற்கடுத்த ஞாயிறு மாலை வாசிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. போனில் கேட்டேன்.

"வாரத்துக்கு ஒரு மணி நேரம் வாசிக்கறதுக்கு இது போதாதா அக்கா?" என்று சிரித்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை அவளே அழைத்தாள். "சனிக்கிழமை கொலுவுக்குச் சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. நான் வீணை வாசிப்பேன்னு பொண்ணு பெருமையா சொல்லி வெச்சிருக்கா. ரிப்பேருக்கு ஆள் அனுப்பறேன், குடுத்துடுங்க." ஆறு மாதமாக வகுப்புக்குப் போகிறாள். சொந்த வீணை கிடையாது.

ரிப்பேர்காரர் மெட்டை நகத்தால் தட்டிப் பார்த்தார். "குழாய்ப் பசையாம்மா? நல்லது. இனிமே ஒரு சொட்டு ஒழுகாது."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவர், பசையைச் சுரண்டிப் புது மெழுகு வைத்து வெள்ளிக்குள் முடித்துவிடலாம் என்றார். "நடந்ததே யாருக்கும் தெரியாதும்மா."

அதுதான் எனக்கு ஆகவில்லை. காலையில் போன் செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ரிப்பேரே செய்யாமல் விட்டால் நஷ்டம் எனக்கு; என் ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். இப்படியே அவளிடம் கொடுத்து, எல்லார் முன்னாலும் வாசிக்க விடலாமா என்றும் யோசித்தேன். பிசகிய சுரம் அவள் காதுக்கே எட்டாது. சம்பந்திகளும் கைதட்டிவிட்டுச் சுண்டல் சாப்பிடுவார்கள். எனக்கு வேண்டியது வேறு. வீணை எங்கே என்று அவர்கள் கேட்க வேண்டும். இவள் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும்.

"சின்ன விஷயம், விட்டுடேன்," என்றார் கணவர்.

"இருபத்துநாலு விஷயம்," என்றேன். அன்று வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று சப்பாத்தி சாப்பிட்டேன்.

மறுநாள் காலை எழுந்ததும், பால் காய்ச்சுவதற்கு முன்பே, ரிப்பேர்காரரை அழைத்தேன்.

"வேலையை எடுத்துக்குங்க. ஆனா திங்கட்கிழமை வந்து வாங்கிட்டுப் போங்க."

"சனிக்கிழமைக்கே வேணும்னு அந்தம்மா சொன்னாங்களே?"

"தெரியும். அதனாலதான் திங்கட்கிழமை."