கோபிசனுக்கு இன்னும் ஒரு வருடம்

என் அக்கா செல்வராணியின் மகன் கோபிசன் சுவிஸில் பேர்ண் நகரத்தில் தாதிப் படிப்புப் படிக்கிறான். தமிழ் மாணவர் உதைபந்தாட்டப் போட்டியில் எங்கள் பகுதியான பூம்ப்ளிஸ் அணிக்கு அவன்தான் கோல் கீப்பர். அணியை உண்டாக்கியது தகப்பன் இராஜேந்திரன். அந்த மனுசனுக்குப் பந்துக்குப் பிறகுதான் சோறு.

படித்துக்கொண்டிருப்பவர்கள் மட்டுமே ஆடலாம், அதுவும் நான்கு வருடம்தான் என்பது போட்டி விதி. கோபிசனுக்கு இந்தக் கோடையோடு நான்கும் முடிந்தது. அப்பாடா என்று அவன் மூச்சு விட்டது எனக்கு மட்டும் தெரியும். கடைசிச் சோதனை பாஸ் பண்ணினால் தூரத்துக் கூர் நகரத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை. அவன் விரும்பும் நிலோஜினியும் அங்கேதான் வேலை செய்கிறாள்.

தகப்பனிடம் சொல்ல வேண்டியதுதானே? அதுதான் இல்லை. எங்கள் வீடுகளில் வளர்ந்த மகன் தகப்பனோடு நேரே கதைக்க மாட்டான். மகன் தாயிடம் சொல்வான், தாய் தகப்பனிடம் சொல்வாள். விளையாட்டு முடிந்தது, இனிக் கூருக்குப் போகப் போகிறேன் என்று அவன் அக்காவிடம் சொல்லியிருக்கிறான். மகன் தூரம் போவதை வாயால் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கூர் நகரத்துக் கதையை அப்படியே விழுங்கிவிட்டு, பெடிக்கு விளையாட்டு முடிஞ்சுதாம், சாப்பிடுறானும் இல்லை என்று மட்டும் சொன்னாள். மனுசன் உருகிப் போனார்.

போன வருடம் மழையால் போட்டி நடக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு இராஜேந்திரன் போட்டி நிர்வாகத்தினரின் வீடு வீடாக ஏறி இறங்கினார். அந்த வருடத்தை இழந்தவர்கள் இன்னும் ஒரு வருடம் ஆடலாம் என்று விதியை மாற்ற வைத்தார். எங்கள் ஆட்களுக்கு நல்லது செய்யும் வெறி பிடித்தால், செய்யப்படுகிறவனிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

கோவில் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் நிர்வாகத் தலைவர் தயாபரன் அதை அறிவித்தார். இராஜேந்திரனே மகனுக்குப் பொன்னாடை போர்த்தினார். எல்லோருக்கும் முன்னால் அழுதார். சனம் கைதட்டியது. அத்தனை பேர் நடுவில் போர்த்திய பொன்னாடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மாட்டேன் என்று எவன் சொல்வான்? ஆடுவதென்றால் மாணவனாக இருக்க வேண்டும். மாணவனாக இருப்பதென்றால் சோதனையை அடுத்த வருடத்துக்குத் தள்ள வேண்டும். கூரில் அதுவரை வேலையை வைத்துக்கொண்டு இருக்க மாட்டார்கள். நிலோஜினி காத்திருப்பாளோ, அதுவும் தெரியாது. எழும்பிச் சொல்லிவிடுவோம் என்று பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்து அமத்தினாள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் இராஜேந்திரன் தன் வாகனத்தின் கதவைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தார். உள்ளே பந்து விளையாடும் புதுச் சப்பாத்து, ஒரு சோடி. கோபிசன் பொன்னாடையோடு படியில் அமர்ந்து போட்டுப் பார்த்தான். மனுசன் அக்கா பக்கம் திரும்பவில்லை. மகனுக்கு முன்னால் குந்தியிருந்து, அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அளவு சரியோ, மகன்?"

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவர் அவனிடம் நேரே கேட்ட கேள்வி அது. கோபிசன் குனிந்து நாடாவை இறுக்கிக் கட்டினான்.

"ஓம் அப்பா. சரி."

அவனுடைய கால் பெருவிரல் சப்பாத்தின் முன்பக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது.