சத்தம் குறைந்த ஹெயார் ட்ரையர்

எங்கள் வீட்டில் தலைமுடி என்று சொல்லக்கூடியது எல்லாம் மனைவியிடம்தான் இருக்கிறது. என்னுடையது காதுகளுக்கு மேலே கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டு, மண்டையை வெயிலுக்கு விட்டுவிட்டது. இப்படிப்பட்டவன் ஹெயார் ட்ரையர் வாங்கிய கதையை எழுதினால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரியுங்கள். நானும் சிரித்துத்தான் சமாளித்தேன்.

மனைவி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். வெள்ளிக்கிழமை விடிய சீயாக்காய் தேய்த்து முழுகி, சாமிக்கு விளக்கு வைத்து, முள்ளியவளைச் சந்தியில் பஸ் பிடிக்க வேண்டும். பஸ் வரும் நேரத்துக்குச் சூரியன் ஒழுங்காக எழும்பியிருக்காது. இடுப்புக்குக் கீழே இறங்கும் அந்தத் தலையைத் துவாயால் எவ்வளவு துவட்டினாலும் உள்ளே ஈரம் நிற்கும். ஈரத்தோடு கொண்டை போட்டுக்கொண்டு போவாள். சனிக்கிழமை மூக்கடைப்பும் தலையிடியுமாகப் பீனிசம் வந்து, நெற்றியை இறுக்கக் கட்டிக்கொண்டு, யன்னலைச் சாத்திவிட்டுக் கிடப்பாள்.

டொக்டர் மூன்று வழி சொன்னார். வெள்ளிக்கிழமை முழுகுவதை விடுங்கோ, அது ஏலாதெண்டால் நல்லாக் காயவைச்சிட்டு வெளிக்கிடுங்கோ, அதுவும் ஏலாதெண்டால் கட்டையாக வெட்டுங்கோ. வெள்ளிக்கிழமை முழுகாமல் விளக்கு வைப்பது என்பது எங்கள் வீட்டில் கதைக்கவே கூடாத விசயம். வெட்டுவதைப் பற்றி, திரும்பி வரும் வழியில் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து அவளே சொன்னாள்.

“வெட்டுறதெண்டால் என்ர கழுத்தை வெட்டட்டும்.”

காரணம் எனக்குத் தெரியும். சண்டை முடிந்து எங்களை அடைத்து வைத்திருந்த முகாமில் குடிக்கிற தண்ணீருக்கே வரிசை. எல்லோர் தலையிலும் பேன். ஒருநாள் ஒரு கத்திரிக்கோல் தறப்பாள் கூடாரத்துக்குக் கூடாரம் கைமாறி எங்கள் கொட்டிலுக்கும் வந்தது. அவளும் தன் முறைக்கு இருந்து, பின்னலை அடியோடு வெட்டுவித்தாள். அழவில்லை. வெட்டிய பின்னலைக் கையில் வைத்துக்கொண்டு, “இதை எங்க போடுறது?” என்று மட்டும் கேட்டாள். சிரிக்கவைக்க நான் ஏதோ பகிடி சொன்னேன். அது என்ன பகிடி என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. அவளுக்கு நினைவிருக்கிறது, சொல்லமாட்டாள். இப்போது தலையில் இருப்பது அதற்குப் பிறகு வளர்ந்தது.

ஆகவே இரண்டாம் வழிதான் மிச்சம். பள்ளிக்கூடத்தில் அவளோடு படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் தன்னுடைய ஹெயார் ட்ரையரைப் பழகிப் பார்க்கக் கொடுத்துவிட்டார். குழலும் கைபிடியுமாகத் துவக்கு மாதிரி ஒரு சாமான். அடுத்த வெள்ளி விடிய, நான் முற்றத்தில் பல் தீட்டிக்கொண்டு நிற்கும்போது, உள்ளே அவள் அதைப் போட்டாள்.

எனக்கு அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. தெரிய வந்தபோது நான் கொடியில் காய்ந்த உடுப்பெல்லாவற்றையும் இழுத்து நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு மாமரத்துக்குக் கீழே நின்றேன். இரண்டு சீலை, பாவாடை, என் சாரம், துவாய். வாயில் பற்பசை நுரை. பல் தீட்டும் பிரஸ் எங்கே போனது என்று பிறகு தேடி, கோழிக்கூட்டடியில் எடுத்தேன்.

வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காது. அந்தச் சண்டை நாட்களில் எங்கள் தலைக்கு மேலே ஒரு சாமான் சுற்றிக்கொண்டிருக்கும். ஆளில்லாத விமானம் என்று பேப்பரில் எழுதினார்கள். நாங்கள் வண்டு என்றோம். ஒரே சீராக, நிற்காமல், தலைக்குள்ளே துளைக்கிற மாதிரி இரையும். வண்டு ஒன்றும் செய்யாது, பார்க்கும். அது பார்த்துவிட்டுப் போனபின் குண்டு போடுகிற கிபிர் வரும். அதனால் வண்டுச் சத்தம் கேட்டதும் முதல் வேலை, கொடியில் கிடக்கிற உடுப்பை உள்ளே எடுப்பது. இரண்டாவது, அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது. உடுப்புக் காய்ந்தால் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். புகை வந்தால் அந்த ஆட்கள் சாப்பிடப் போகிறார்கள். நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்பதைத்தான் ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. தலைமுடி காயவைக்கிற மெசின் அந்தச் சத்தத்தைப் பிசகாமல் பாடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

நிமிர்ந்து பார்த்தால், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டுக்காரர் நிற்கிறார். மலையகத்தில் பிறந்து, இளந்தாரியாக இங்கே வந்து காணி திருத்தி, கச்சான் கடலை போடுகிறவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். கையில் வெறும் வாளி. அவருடைய வெளியடுப்பிலிருந்து ஆவி கிளம்புகிறது. கொதித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீர்க் கேத்தில் அடுப்போடு சேர்ந்து நனைந்து கிடக்கிறது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தோம்.

“என்னாண்ணே, உடுப்பெல்லாம் எடுத்துட்டீங்க?”

“மழை வரும் போல கிடக்கு. அதுதான்.”

குளம் வற்றி, மாடுகள் புழுதியை நக்குகிற காலம். முகில் என்ற சொல்லே மறந்துபோயிருந்தது.

“ஆமாங்கண்ணே, வரும் வரும்” என்றார் அவர். “நானும் அதுக்காகத்தான் அடுப்ப அணைச்சேன்.”

இதைவிட மரியாதையாக இரண்டு பேர் பொய் சொன்னதை நான் கண்டதில்லை.

மனைவி வாசலுக்கு வந்தாள். தலை பாதி காய்ந்து விரிந்திருந்தது.

“இஞ்சாருங்கோ, உடுப்பெல்லாத்தையும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு என்ன செய்யிறியள்?”

“வெயிலுக்குச் சீலையின்ர நிறம் போயிடும்.”

அவள் வெயிலைத் தேடிப் பார்த்தாள். வேலிக்கு அங்கால் வாளியோடு நின்றவரைப் பார்த்தாள். தன் கையில் இருந்த மெசினைப் பார்த்தாள். உள்ளே போய் ஈரத்தோடு கொண்டை போட்டாள்.

திங்கட்கிழமை ட்ரையர் ரீச்சரிடம் திரும்பிப் போய்விட்டது. இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்: “அது எனக்குச் சரிவராது. வெட்டிப்போட்டால் சோலி முடிஞ்சுது.”

வெங்காயம் முடிந்துவிட்டது என்று சொல்கிற குரல்தான். கழுத்தை வெட்டினாலும் தலையை வெட்டேன் என்றவள், என் இரண்டு காதுக்காகத் தலையை வெட்டப் போகிறாள்.

“வேண்டாம்” என்றேன். “உம்மட தலைக்கு ஏத்த மாதிரி ஒண்டு நான் வாங்கிக்கொண்டு வாறன்.”

“உங்கட காதுக்கும் ஏத்ததாப் பாத்து வாங்குங்கோ” என்றாள். பகிடியா, குத்தலா, எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் வீட்டில் பகிடிக்கு நான்தான் சொந்தக்காரன், அதையும் பறிக்கிறாள்.

புதுக்குடியிருப்பில் மின்சாரச் சாமான்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். வேலைக்கு நின்ற பிள்ளைக்கு இருபது வயது வரலாம். ஹெயார் ட்ரையர் என்றதும் என் மண்டையைப் பார்த்து, அவசரமாகக் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

“ஆருக்கு அங்கிள்?”

“எனக்குத்தான் பிள்ளை. வியர்வை காயவைக்க.”

சிரித்துவிட்டாள். அது என் பழக்கம். பயம் வருகிற இடத்துக்கு ஒரு பகிடியை முன்னால் அனுப்பிவிட்டு, நான் பின்னால் பதுங்கிப் போவேன்.

“மனுசிக்கு” என்றேன்.

“அன்ரியின்ர முடி என்ன மாதிரி? மெல்லிசோ, அடர்த்தியோ? சுருளோ?”

“என்ர ரெண்டு கையாலயும் பிடிச்சாலும் மிச்சம் வரும்.”

அவள் பெட்டிகளை வரிசையாக வைத்து விளக்கினாள். மெல்லிய முடிக்குச் சின்ன மோட்டார் போதும், சூடு குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முறிந்துவிடும். சுருள்முடிக்கு முன்னால் கூடை மாதிரி ஒன்று பூட்ட வேண்டும், காற்று பரவலாக வரும். அடர்த்தியான முடிக்குச் சூட்டைவிடக் காற்றுத்தான் முக்கியம். பெரிய மோட்டார் வேண்டும், வாய் ஒடுக்கமாக இருந்து காற்றை உள்ளே தள்ள வேண்டும். பிள்ளை நன்றாகத்தான் சொன்னாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு என் கேள்வியைக் கேட்டேன்.

“சத்தம் போடாதது இருக்கோ?”

“காத்து வந்தால் சத்தமும் வரும்தானே அங்கிள். இருங்கோ, அன்ரிக்குச் சரியானதைப் போட்டுக் காட்டுறன்.”

கறுப்பு நிறத்தில் பெரியது ஒன்றை எடுத்துச் செருகினாள். நான் தயாராகத்தான் நின்றேன். பல்லைக் கடித்து, இது தலைமுடிக்கான சாமான், இது கடை, இது சமாதான காலம் என்று மனதுக்குள் பாடமாக்கிக்கொண்டு நின்றேன். அவள் ஸ்விட்சைத் தட்டினாள்.

அடுத்ததாக நான் கண்டது ஒரு குளிர்சாதனப் பெட்டியின் காலைத்தான். பக்கத்தில் உடுப்புத் தோய்க்கிற மெசின். இரண்டுக்கும் நடுவே, தலையைக் கையால் மூடிக்கொண்டு குந்தியிருந்தேன். இந்த வயிற்றோடு அந்த இடைவெளிக்குள் எப்படிப் புகுந்தேன் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

சத்தம் நின்றது. பிள்ளை எட்டிப் பார்த்தாள். “அங்கிள்?”

“திறப்பு விழுந்திட்டுது பிள்ளை, தேடுறன்.”

“திறப்பு உங்கட கையிலதானே இருக்கு.”

இருந்தது. மோட்டார் சைக்கிள் திறப்பு உள்ளங்கையில் பதிந்து குழி விழும் அளவுக்குப் பிடித்திருந்தேன்.

அப்போதுதான் கல்லாவில் இருந்த முதலாளியைக் கவனித்தேன். என் வயதுக்காரர். அவரும் கதிரையில் இல்லை. மேசையைப் பிடித்தபடி வாசல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைமேல் பாய்ந்தார்.

“அந்தப் பெரிசைக் கடைக்குள்ள போடக்கூடாதெண்டு எத்தினை தரம் சொன்னனான்? றோட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டு!”

பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். முதலாளி எனக்குக் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டு, தட்டின் அடியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். கைபிடி மடிகிற, பயணத்துக்குக் கொண்டுபோகிற சாமான்.

“இதைக் கொண்டு போங்கோ அண்ணை. காதடியில நுளம்பு பறக்கிற மாதிரித்தான் கேட்கும்” என்றார். குரலைத் தாழ்த்தி, “எங்கட ஆக்கள் இதைத்தான் கேட்டு வாங்குறவை.”

பிள்ளை பொறுக்கமாட்டாமல், “இது மெல்லிசு முடிக்கெல்லே” என்றாள். நான் கேட்காத மாதிரி நின்றேன். பெரியது தலைக்கு ஏற்றது, சின்னது காதுக்கு ஏற்றது. காதைத் தெரிவுசெய்து பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

வெள்ளி வந்தது. உள்ளே நுளம்பு பாடியது. நான் அசையவில்லை. முற்றத்தில் கதிரை போட்டு, கால்மேல் கால் போட்டுத் தேத்தண்ணீர் குடித்தேன். கொடியில் உடுப்பு அதன்பாட்டில் ஆடியது. வீரன் என்றால் நான்தான்.

நுளம்பு பாடிக்கொண்டே இருந்தது. சந்தியில் பஸ் ஹோர்ன் கேட்டது. மனைவி கொண்டையை முடிந்துகொண்டே ஓடினாள். மேலே மட்டும் காய்ந்திருந்தது; முதுகில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

மறுநாள் காலை, சாத்திய யன்னலுக்குப் பக்கத்தில் படுத்திருந்து, கண் திறக்காமல் சொன்னாள்: “தையல் மெசின் லாச்சிக்குள்ள கத்திரிக்கோல் கிடக்கு. எடுத்துக்கொண்டு வாங்கோ.”

எடுத்தேன். எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே மோட்டார் சைக்கிளில் ஏறினேன். எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. வழி முழுக்கத் தேடினேன், வரவில்லை.

“அங்கிள், என்ன கத்திரிக்கோலோட?” என்று பிள்ளை பின்னால் விலகினாள்.

“அந்தப் பெரிசைத் தாங்கோ பிள்ளை.”

முதலாளி எழும்பி வந்தார். “அண்ணை, யோசிச்சுத்தானே?”

“யோசிச்சால் வாங்கமாட்டன். கட்டுங்கோ.”

“றோட்டில ஒருக்காப் போட்டுப் பாப்பமோ?”

“ஒருக்காப் பாத்தது காணும்.”

வீட்டுக்கு வந்து பெட்டியை அவள் தலைமாட்டில் வைத்தேன். கத்திரிக்கோலை வைக்கவில்லை. அது இன்னும் மோட்டார் சைக்கிள் ஆசனத்துக்குக் கீழேதான் இருக்கிறது.

வியாழன் பின்னேரம் வேலியடிக்குப் போய், “நாளைக்கு விடியப் பெரிசு ஒண்டு போடப்போறம்” என்று அயல்வீட்டுக்காரரிடம் சொன்னேன். எதை என்று அவர் கேட்கவில்லை. “சரிங்கண்ணே. நான் தேத்தண்ணிய முன்னுக்கே குடிச்சிர்றேன்” என்றார்.

வெள்ளி விடிய முற்றத்துக்கு வந்தேன். மாமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே சத்தம் எழும்பியது. கை மரத்தை விட்டது, கால் ஓடியது, கொடியைப் பிடித்து இழுத்தேன். கொடியில் ஒன்றும் இல்லை. ஒரு துவாய்கூட இல்லை. வியாழன் தோய்க்கிற உடுப்பை அவள் புதன்கிழமையே தோய்த்து, மடித்து, அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

வெறுங்கொடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். கைகள் நிற்கவில்லை, எதையாவது ஒளிக்கச் சொல்லி ஆடின. இடுப்பில் கட்டியிருந்த சிவப்புச் சாரம் மட்டும்தான் மிச்சம். கை அதன் முடிச்சுக்குப் போனது.

வேலிக்கு அங்காலிருந்து குரல் வந்தது. அவர் அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்.

“அண்ணே, அத மட்டும் கழட்டிறாதீங்க. மேல இருந்து பார்க்கிறவன் பாவம்.”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். இரண்டு பேர் முகத்திலும் தண்ணீர் வடிந்தது. முழுகியது என்னவோ என் மனைவிதான்.

திடீரென்று உள்ளே சத்தம் நின்றது.

சிரிப்பும் நின்றது. வண்டு நின்றபின் என்ன வரும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தோம். ஒரு கொக்குக் கூட்டம் குளத்துப் பக்கம் போனது.

வாசலில் மனைவி நின்றாள். தலை முழுவதும் காய்ந்து, விரிந்து, இடுப்புக்குக் கீழே பறந்தது. அதைச் சேர்த்துப் பின்னத் தொடங்கியபடி கேட்டாள்:

“பஸ் போயிட்டுதோ?”

“இன்னும் வரேல்லை” என்றேன். கொடியை விடாமல்தான் சொன்னேன்.