நாலாம் கோட்டை அணைத்த இரண்டு புள்ளி

பர்னபாஸ் ரெக்சனுக்குத் தர வேண்டிய பாக்கி ஆயிரத்து இருநூறு ரூபாய். ஒரு சாவுக்கு ஊதின கூலி.

பர்னபாஸ் அஞ்சாம் வகுப்போட நின்னவர்தான். ஆனால் துறைமுகத்தில் மூட்டை சுமந்தே பதினாறு பேர் பேண்டு செட்டுக்கு முதலாளி ஆனவர். அவர் யூஃபோனியம் என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதாமல் தூத்துக்குடியில் பெரிய சாவு எதுவும் குழிக்குப் போனதில்லை. இசை நோட்டு வாசிப்பதும் தானாகப் படிச்சதுதான். இன்னொருத்தன் செய்து காட்டட்டும், பார்ப்போம்.

அந்தச் சாவில் செத்தவர் மகள் புதுப் பாட்டுக்கான நோட்டுத் தாள் கொடுத்தாள். ஒரே தாளைப் பார்த்துத்தான் பர்னபாஸும், அதே செட்டில் டிராம்போன் குழல் ஊதுகிற ரெக்சனும் ஊதினார்கள். முதல் வரியிலேயே ரெண்டு குழலின் சுரமும் முட்டிக்கொண்டன. பெட்டிக்குப் பக்கத்தில் அழுதவர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏலே, நாசரேத்துல மியூசிக் படிச்சேன்னு பீத்துனியே, இதான் படிச்ச லெட்சணமா?"

அத்தனை பேர் முன்னால் கேட்டார். கூலியும் கிடையாது என்றார். ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன் ரெக்சன், டிராம்போனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதோடு மற்ற செட்டுக்காரர்களும் அவனைக் கூப்பிடவில்லை. உப்பளத்துக்குப் போகிறான் என்று கேள்வி.

தன் பக்கந்தான் நியாயம் என்று காட்ட, கோயிலில் ஆர்கன் வாசிக்கும் ஈவாஞ்சலினிடம் தாளை எடுத்துப் போனார். அஞ்சு கோட்டில் கீழ்க்கோடு 'இ' சுரம், அந்தப் பயல் 'ஜி' ஊதினான் என்றார். வரி தொடங்குகிற இடத்தில் ஒரு குறி இருக்கிறதே, அது என்ன என்று அவள் கேட்டாள். கடுதாசித் தலையில் சிலுவை போடுவோமே, அதுபோல ஒரு அலங்காரம் என்றார்.

அவள் சிரிக்கவில்லை. தாளில் அந்தக் குறியைத் தொட்டுக் காட்டினாள்.

"அண்ணாச்சி, இது பேஸ் கிளெஃப், கீழ்ச் சுரத்துக்குப் போடுற குறி. இந்த ரெண்டு புள்ளிக்கு நடுவுல ஓடுதே, கீழருந்து நாலாம் கோடு, அதான் 'எஃப்'. அங்கருந்து கீழ எண்ணி வாங்க. நீங்க படிச்சது மேல் சுரத்துக்கான ட்ரெபிள், அதுக்குக் குறியே வேற."

எஃப், இ, டி என்று கோடும் இடைவெளியுமாய் அவர் விரல் இறங்கியது. கீழ்க்கோட்டில் 'ஜி' வந்து நின்றது. மறுபடி எண்ணினார். மறுபடியும் 'ஜி'.

கப்பலின் பக்கவாட்டில் எழுதின ஆழ எண் அடியா மீட்டரா என்று பார்க்காமல் ஆழம் சொன்னால் கப்பல் தரை தட்டும். அது தெரிந்த மனுஷனுக்கு இது தெரியாமல் போச்சே.

பணத்தை ரகசியமாகக் கொடுத்துவிடலாம் என்று ஒரு மனசு. பழி போட்டது ஊர் முன்னால் அல்லவா? ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒத்திகைக்கு ரெக்சனை ஆள் விட்டு அழைத்தார். செட்டு முழுக்க நின்றது.

"அன்னைக்குப் பிசகுனது நான்தான். ரெக்சன் ஊதினது சரி."

"மத்த செட்டுக்காரங்ககிட்டயும் இதச் சொல்லுவியளா அண்ணாச்சி?" என்று கேட்டான் ரெக்சன்.

"சொல்லுதேன்."

அப்புறந்தான் ரெக்சன் கையை விரித்தான். உப்பு அறுத்த உள்ளங்கை. பர்னபாஸ் நூறு நூறாக, பன்னிரண்டு நோட்டை அதில் எண்ணி வைத்தார்.