அடையாற்றுப் படகுக்காரர்களுக்கு ஒரு பத்திரிகை

பத்திரிகைத் தொழிலில் வாசகர்கள் வாயைத் திறக்காத மாதமே நல்ல மாதம். எனக்கு அப்படி ஒரு மாதம் வாய்க்கவே இல்லை. சின்னப் பத்திரிகை எதையாவது கட்டிக்கொண்டு மாரடித்தவர்கள் உங்களில் இருந்தால், நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டால் போதும்.

சிந்தாதிரிப்பேட்டையில் அச்சகம் வைத்திருந்த ரஹீம் சாயபுவுக்குப் படகு என்றால் உயிர். அந்தக் காலத்தில் அடையாற்றில் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு கிளப் இருந்தது. நம்மவர்களுக்கு அதில் இடமில்லை. அதனால் மயிலாப்பூர் வக்கீல்கள், டாக்டர்கள், வசதியுள்ள வியாபாரிகள் என்று சிலர் சொந்தமாகப் படகு வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் துடுப்புப் போட ஆரம்பித்தார்கள். "இவங்களுக்குன்னு தமிழ்ல ஒரு மாசப் பத்திரிகை வேணாமா?" என்றார் சாயபு. நானும் தலையாட்டித் தொலைத்தேன். எழுதுவது, பிழை திருத்துவது, விளம்பரத்துக்கு அலைவது, வருகிறவர்களிடம் திட்டு வாங்குவது எல்லாம் என் தலையில் விழுந்தன.

தண்ணீர் ஏறும் நேரம்

முதல் இதழ் வந்ததும் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். கடல் தண்ணீர் எப்போது ஆற்றுக்குள் ஏறும், எப்போது வடியும் என்று போடுங்கள். நியாயமான கோரிக்கை. வடிந்த நேரத்தில் இறங்கினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ள வேண்டியதுதான். துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு நண்பரைக் காக்காய் பிடித்து, நேரங்களை வாங்கி, கண் எரியச் சரிபார்த்து இரண்டாம் இதழில் போட்டேன். யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

வந்தவர் மாட வீதி வக்கீல் ஒருவர். இதழை என் முன்னால் விரித்து, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தண்ணி ஏர்றதுன்னு போட்டிருக்கேளே?" என்றார். நேரம் சரியானதுதான் என்றேன். "நேரம் சரிதான் ஓய். ராகு காலமோன்னோ அது?" அவர் மனைவி எங்கள் பத்திரிகையையும் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டாராம். அன்றிலிருந்து மனிதரை வாசலைத் தாண்ட விடவில்லையாம். கடலுக்கு ராகு காலம் தெரியாதே, நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். எழுந்து அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டே அவர் சொன்னார்: "ஜலத்துக்கு நேரம் பாத்தேள், சரி. அதுமேல உக்கார்றவாளுக்கும் கொஞ்சம் பாக்கப்படாதா?"

வலை

ஒரு நாள் காலை, கிழிந்த வலை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் அச்சகத்துக்குள் வந்தாள். பெயர் அன்னம்மா. சாந்தோம் பக்கத்துக் குப்பம். ஆறு கடலில் சேருகிற இடத்தில் வலை போட்டுப் பிழைக்கிற குடும்பம். "இந்தப் படகு வுடற தொரைங்களுக்குப் பேப்பர் போடறது நீதானா?" என்றாள். ஒப்புக்கொண்டேன். வலையை என் மேஜைமேல் பரப்பி, துடுப்பு பட்டு அறுந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். அவள் புருஷன் தொழிலுக்குப் போகாமல் கரையில் உட்கார்ந்து இதைப் பின்னிக்கொண்டே இருக்கிறானாம். பின்னி முடிப்பதற்குள் அடுத்த ஞாயிறு வந்துவிடுகிறதாம். வீட்டில் அடுப்பு எரிந்து நாளாகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னாள், சண்டை போடுகிற குரலில் அல்ல. "எங்கெங்க வலை கீதுன்னு உன் பேப்பர்ல போடு. பாத்து ஒதுங்கிப் போவட்டும்."

மனசு கேட்கவில்லை. மற்ற வேலையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு ஒரு பக்கம் எழுதினேன். வலை எங்கே கிடக்கிறது, மடவை மீன் கூட்டம் கூட்டமாக எந்த வழியாக ஏறுகிறது, அந்தக் குடும்பங்களுக்கு ஏன் அந்த இடத்தை விட்டால் வேறு கதி இல்லை என்று விளக்கமாக எழுதினேன். அடுத்த மாதம் அன்னம்மா திரும்பி வந்தாள். என் கட்டுரையைப் படித்துவிட்டு, கனவான்கள் தூண்டில் சகிதம் அந்த இடத்துக்கே வந்து படகை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்களாம். அவள் உட்காரக்கூட இல்லை. "ஒதுங்கிப் போவச் சொல்லி எழுதுன்னா, மீன் கீற எடத்தைக் காட்டிக் குட்த்துட்டியே நைனா!"

தெருவில் ஒரு படகு

தியாகராய நகரில் அப்போதுதான் வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. அதற்கு முன் அங்கே பெரிய ஏரி கிடந்தது. எங்கள் வாசகர் கோபால் நாயுடு, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அந்த ஏரியில் படகு விட்டவர். ஏரியைத் தூர்த்து மனை போட்டபோது அவரும் ஒரு மனை வாங்கி வீடு கட்டினார். படகை விற்க மனம் வராமல் வாசலில் கவிழ்த்து வைத்திருந்தார். ஏரியைப் பற்றி எழுதுங்கள் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "இல்லாத ஏரியில எவன் படகு விடப்போறான்?" என்று சாயபு தட்டிக் கழித்துவிடுவார்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. நாயுடுவின் தெருவில் இடுப்பளவு தண்ணீர். எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது, தலைப் பிரசவம். ஜட்காக்காரன் தெருமுனையில் தண்ணீரைப் பார்த்ததும் குதிரையைத் திருப்பிவிட்டான். நாயுடு படகை நிமிர்த்தினார். பெண்ணையும் அவள் தாயாரையும் ஏற்றி, ஒரு குடையைக் கொடுத்து, வீடுகளுக்கு நடுவே துடுப்புப் போட்டு மேட்டுச் சாலை வரைக்கும் கொண்டுபோய், அங்கே வேறொரு வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தாயும் பிள்ளையும் நலம். கை நிறையக் கொப்புளத்தோடு அவரே வந்து இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் எழுதினேன், சாயபுவும் மறுபேச்சில்லாமல் போட்டார். இதழ் வெளிவந்ததும் ஒரு படகுக்காரர் வந்து, தெருவில் போவதெல்லாம் படகு விடுவதாகுமா, உங்களுக்கு வேறு செய்தியே கிடைக்கவில்லையா என்று பிடித்துக்கொண்டார். உறவினர்களுக்குக் கொடுக்க இன்னொரு பிரதி வாங்க வந்திருந்த நாயுடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் கோபப்படவில்லை. "நான் படகைத் தெருவுக்குக் கொண்டு போகல சார். ஏரிதான் என்னைத் தேடி வீட்டுக்கு வந்துச்சு."

ஒழுங்கான வாசகர்

அபிராமபுரத்திலிருந்து ஒரு குமாஸ்தா மாதம் தவறாமல் நேரில் வந்து இதழ் வாங்குவார். அட்டை முதல் விளம்பரம் வரை படிப்பார். அச்சுப் பிழைகளைக்கூட அன்போடு சொல்வார். இப்படி ஒருவராவது இருக்கிறாரே என்று நெகிழ்ந்து, உங்களுடையது என்ன படகு என்று ஒரு நாள் கேட்டேன். படகே இல்லையாம். ஏறியதும் இல்லையாம். "படகு வாங்கிட்டா அப்புறம் இதைப் படிக்க நேரம் ஏது சார்?"

பந்தயத்தில் ஜெயித்தவர்

ஒரு பந்தயத்தில் சிந்தாதிரிப்பேட்டை டாக்டர் ஒருவர் முதலாவதாக வந்தார். படத்தோடு போட்டேன். துடுப்பை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படம். சில நாள் கழித்து ஒரு பெண்மணி அந்த இதழோடு அச்சகத்துக்கு வந்தார். டாக்டரின் மனைவி. சாயபு பதறி எழுந்து தன் நாற்காலியைத் தந்தார்.

அம்மாள் நிதானமாகச் சொன்னார். அவருடைய தம்பி சின்ன வயதில் கூவத்தில் வெள்ளம் வந்தபோது போய்விட்டான். அதனால் கல்யாணமான புதிதில், தண்ணீர்ப் பக்கம் போவதில்லை என்று கணவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போவதாகத்தான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். இனி அவர் பெயரே வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"வேண்டாம், போடுங்க" என்றார் அம்மாள். "இப்படிச் சிரிச்சு நான் வீட்டுல பார்த்ததில்லை." படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கணவரிடம் ஒன்றும் கேட்கப் போவதில்லையாம். கேட்டால் படகு விடுவதையே நிறுத்திவிடுவார், அந்தச் சிரிப்பும் போய்விடும் என்றார். பிறகு இதழை மடித்துப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல்படியில் அவர் திரும்பினார். "ஒரு உபகாரம் பண்ணுங்க. எத்தனை மணிக்கு எல்லாரும் கரை ஏறுவாங்கன்னு மாசாமாசம் போடுங்க. அதுவரைக்கும் பயந்தா போதுமில்லையா?"

ஆற்றில் இருந்தவர்களுக்காக நடத்திய பத்திரிகையை மூடுகிற நாள் வரைக்கும் வரி விடாமல் படித்தவர்கள் கரையில் இருந்தவர்கள்தான். ஆற்றிலிருந்து வந்ததெல்லாம் குறைகள் மட்டுமே.