பெரிய வியாழனும் என் வலது காலும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக வரும். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றைச் சொல்வேன், பாதி மறந்தும் போகும். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். மருமகள் கவிதாதான் "மனசுல இருக்கிறத எழுதுங்க அத்தை, யாரும் அடிக்க மாட்டாங்க" என்று பேனாவைக் கையில் கொடுத்தாள். ஊரில் இருப்பவர்களும், என்னைப்போல ஊரைவிட்டு வந்தவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, கல்யாணமாகி, மலாய் நாட்டில் கோலா சிலாங்கூருக்கு வடக்கே ஒரு தோட்டத்துக்கு வந்தேன். வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இருந்தும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் கோயில் வாசலில் இன்னமும் ஒரு நொடி நின்றுவிடுகிறேன். இங்கே மாதா கோயிலுக்குள் சப்பாத்தைக் கழற்றாமல் போகிறார்கள். வீட்டுக்குப் போனால் மலாய்க்காரரோ சீனரோ தமிழரோ, யாராக இருந்தாலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். கோயிலுக்கு மட்டும் அது வேண்டியதில்லை. எங்கள் ஊரிலோ வெறுங்காலோடுதான் கோயிலுக்குள் போக வேண்டும். கழற்றி வைக்கச் செருப்பே இல்லாதவர்கள்தான் எங்கள் தெருவில் அதிகம், அது வேறு. வந்த புதிதில் நான் ஊர்ப் பழக்கத்தில் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். பூசை முடிந்து வந்து பார்த்தால் மழைத் தண்ணீரில் ஒன்று மிதந்து கால்வாய்க்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரர் அந்தோணி சிரித்தார். "இங்க சாமி காலப் பாக்க மாட்டாரு. போட்டுக்கிட்டே உள்ள வா" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது பின்னால் எனக்கு வசதியாகப் போனது. எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிற வேலைதான் எனக்கு. வெட்டிப் போட்ட மட்டையின் முள் ஒரு நாள் ரப்பர் சப்பாத்தையும் தாண்டி வலது காலில் ஏறியது. அப்போதே எனக்கு இனிப்பு நீர், ஊரில் சர்க்கரை வியாதி என்பார்களே, அது இருந்திருக்கிறது, தெரியவில்லை. புண் ஆறாமல் கறுத்துப்போய், ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நடந்தது இது. அந்தக் காலைக் கவிதாவைத் தவிர யாரும் பார்த்ததில்லை. வீட்டில் காலுறை போட்டுக்கொள்வேன், வெளியே போனால் கான்வாஸ் சப்பாத்து. கோயிலில் கழற்றச் சொல்லாத ஊருக்கு வந்தேனே என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

அப்படியிருக்க, இந்தத் தவக்காலத்தில் சிங்கராயர் வீட்டுக்கு வந்தார். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், எங்கள் சின்னக் கோயிலின் காரியங்களை எல்லாம் இழுத்துப் போட்டுச் செய்கிறவர். ஆண்டவர் தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழன் பூசையில் ஃபாதர் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார்.

"அக்கா, பெரிய வியாழனுக்குக் கால் கழுவுற பன்னண்டு பேருல இந்தத் தடவ நீங்க ஒரு ஆளு."

"நானா? அது ஆம்பளைங்களுக்குத்தானே?"

"அதெல்லாம் மாறிப் போச்சு லா. ரோமாபுரியிலயே சரின்னுட்டாங்க. வலது கால மட்டும் நீட்டுனா போதும், அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிடும். என்னக்கா, பயமா? போன வருசம் ஒரு அம்மா பியூட்டி பார்லருக்குப் போயி நகமெல்லாம் செவப்புச் சாயம் பூசிட்டு வந்துச்சு. ஃபாதரே ஒரு நிமிசம் பயந்துட்டாரு."

வலது கால் என்றதும் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு உள்ளேயிருந்து கவிதா, "ரெண்டு வெரலு கம்மின்னா ஃபாதருக்கு வேலையும் கம்மிதானே அத்தை" என்றாள். அவள் அப்படித்தான் பேசுவாள், ஆனால் புண்ணுக்கு மருந்து போட்டவளும் அவள்தான். அடுத்த ஞாயிறு ஃபாதரே கேட்டார். அவர் சீனர், தமிழ் தெரியாது. எனக்கு மலாய் அரைகுறை. "காக்கி சாயா தா பாகுஸ், ஃபாதர்" என்றேன். என் கால் அழகாக இல்லை, காட்ட வெட்கம் என்று சொல்ல நினைத்தேன், கால் சரியில்லை என்றுதான் வாயில் வந்தது. அவர் முகம் வாடி, என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். என் இடத்துக்கு யோசெப் என்கிற ஆளைப் போட்டுவிட்டதாகச் சிங்கராயர் சொன்னார். யோசெப் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவுக்காரர், எங்கள் பழைய தோட்டத்தில் இப்போது குலை வெட்டுகிறார்.

வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அப்பாவின் ஞாபகம்தான்.

எங்கள் ஊரில் பெரிய வியாழன் வரும்போது கண்மாய் வற்றி, நடுவில் மட்டும் கலங்கல் தண்ணீர் கிடக்கும். அப்பா சவரிமுத்து மத்தியானமே அங்கே போய், ஒரு செங்கல் துண்டை வைத்துக் குதிகாலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். அம்மா கரையில் நின்று கேலி செய்யும். "காலு கழுவிக்கிறதுக்கு முன்னாலயே காலக் கழுவிக்கிட்டுப் போற மனுசன் ஒலகத்துல நீ ஒருத்தன்தான்யா. ஒன்ன ஆரு கூப்பிட்டா?" அப்பா, "யாராச்சும் ஒருத்தன் வராமப் போனா? அப்பத் தேட முடியுமா?" என்பார். வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு போய், பன்னிரண்டு பேர் உட்காரும் பெஞ்சுக்குக் கிட்டே, எங்கள் தெருக்காரர்கள் தரையில் உட்காரலாம் என்று விட்டிருந்த இடத்தின் முன் ஓரத்தில் உட்காருவார். எங்கள் கீழத்தெருவிலிருந்து அந்தப் பெஞ்சுக்கு யாரையும் கூப்பிட்டது கிடையாது. அந்தப் பன்னிரண்டு இடமும் பெரிய தெருவில் குடும்பம் குடும்பமாகக் கைமாறி வருவது. இது அப்பாவுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் வருஷா வருஷம் காலைத் தேய்த்தார்.

ஒரு வருஷம் நிஜமாகவே ஓர் ஆள் வரவில்லை, காய்ச்சல் என்றார்கள். பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தது. நான் பெண்கள் பக்கம் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். சாமியாருக்குக் கூடமாட நின்று கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை எங்கள் பக்கம் திரும்பினார். அப்பா முதுகை நிமிர்த்தினார். கோயில்பிள்ளையின் கண் அப்பாவின் மேல் பட்டு, அப்படியே தாண்டிப் போனது. பெரிய தெருப் பையன் ஒருவனை, அரைக்கால் சட்டையோடு, கையைப் பிடித்துக் கூட்டி வந்து அந்த இடத்தில் உட்கார வைத்தார். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா சொன்னது இவ்வளவுதான்: "கோயில்பிள்ளைக்குக் கண்ணு மங்கிப் போச்சு, பாவம். மெழுகுத்திரி வெளிச்சத்துல ஆளு தெரியல." அடுத்த வருஷமும் கண்மாய்க்குப் போனார். நான் இங்கே வந்த பிறகு அவர் இறந்தார். கடைசிவரை அவர் காலை யாரும் கழுவவில்லை.

அவருக்குக் கிடைக்காததை வீடு தேடி வந்து கொடுத்தார்கள். இரண்டு விரலுக்காக நான் வேண்டாம் என்றுவிட்டேன். மறுபடி போய்க் கேட்கவும் வாய் வரவில்லை.

பெரிய வியாழன் அன்று மத்தியானம் பிடித்த மழை விடவேயில்லை. ஊரில் தவக்காலம் என்றால் வெயிலும் தாகமும்தான், இங்கே இடியும் மழையும். குளியலறைக்குப் போய் இரண்டு காலையும் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். எதற்கு என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கவிதா பார்த்தாள், அன்றைக்கு மட்டும் கேலி செய்யவில்லை. கோயில் வாசலில் ஒரு சக்கர நாற்காலி நின்றது. எனக்காக ஃபாதர் கேட்டு வாங்கி வைத்ததாம். கால் சரியில்லை என்றேனே, நடக்க முடியாதவள் என்று நினைத்திருக்கிறார். நான் குடையோடு நடந்து வருவதைப் பார்த்துச் சிங்கராயர் தலையில் அடித்துக்கொண்டார். "ஃபாதர் பாவம்க்கா, கோலா சிலாங்கூர் முழுக்கக் கேட்டு அலைஞ்சு கொண்டாந்திருக்காரு." நான் தலையைக் குனிந்துகொண்டு போய், முன்வரிசைப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது அந்த இடம். உட்கார்ந்த பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

பிரசங்கம் முடிந்தது. பதினொரு பேர் போய் உட்கார்ந்தார்கள். யோசெப் வரவில்லை. சிங்கராயர் வெளியே எட்டிப் பார்த்தார், பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். என் முதுகு தானாக நிமிர்ந்தது. அவர் கண் என் மேல் பட்டு அங்கேயே நின்றது. "அக்கா?" என்றார், கெஞ்சுகிற மாதிரி.

எழுந்து போய் உட்கார்ந்துவிட்டேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. குனிந்து இடது சப்பாத்தை மட்டும் கழற்றினேன். இடது காலைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு கணக்கு. அந்தக் குதிகாலில் ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் கருவேல முள் குத்தி ஒடிந்து, அப்பா ஊக்கால் கிளறி எடுத்தது. அது ஊரின் கால். வலது தோட்டத்தின் கால்.

ஃபாதர் மேலங்கியைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டி, முதல் ஆளின் முன்னால் முழங்கால் போட்டார். அப்போது வாசலில் ஒரு சத்தம். யோசெப் நின்றுகொண்டிருந்தார். தோட்டத்து லோரி சேற்றில் மாட்டிக்கொண்டதில், இறங்கி நடந்தே வந்திருக்கிறார். முழங்கால் வரை சேறு. தன் நாற்காலியில் ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்கிற மாதிரி சிரித்து, சுவரோரம் ஒதுங்கினார்.

அந்தச் சிரிப்பை நான் அப்பா முகத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு காலில் சப்பாத்தும் ஒரு கால் வெறுங்காலுமாக எழுந்து வாசலுக்குப் போய், அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "ஜாங்ஙான், ஈபு. சாயா கோத்தோர்" என்றார். வேண்டாம் அம்மா, அழுக்காக இருக்கிறேன் என்கிறார். எனக்குப் பதில் தமிழில்தான் வந்தது. "அழுக்கா இருந்தா என்னப்பா, கழுவத்தானே வந்திருக்கோம். வா." ஒரு வார்த்தை புரிந்திருக்காது, ஆனால் வந்தார். அவரை என் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நான் பெஞ்சுக்குத் திரும்பினேன்.

பின்னால் கடகடவென்று சத்தம். சிங்கராயர் அந்தச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, யோசெப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, "ஒக்காருங்கக்கா" என்றார். ஃபாதர் எண்ணிப் பார்த்தார். "தீகா பெலாஸ்" என்றார், பதின்மூன்று. அப்புறம், "போலே" என்றார், ஆகட்டும். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. வானம் இடிந்து விழவில்லை. ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வர எவ்வளவு நேரமாகிவிடும்? அப்பா இருந்த காலமெல்லாம் எங்கள் ஊரில் அது ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

யோசெப்பின் கால் நாளெல்லாம் ஈரச் சப்பாத்துக்குள் கிடந்து வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஃபாதர் ஊற்ற ஊற்ற, பேசின் தண்ணீர் செம்மண் நிறமானது. யோசெப் கண்ணை மூடியிருந்தார். அடுத்து நான். இடது காலை முன்னே தள்ளினேன். ஃபாதர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், கட்டியிருந்த வலது சப்பாத்தைப் பார்த்தார். தா பாகுஸ் என்று நான் சொன்னது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். இரண்டு காலில் எதை வேண்டுமானாலும் கொடு என்பதுபோல உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தார். சற்று முன்தான் கழுவத்தானே வந்தோம் என்று இன்னொருவரை இழுத்து வந்தேன். இப்போது நான் மறைத்தால் எப்படி? குனிந்து கயிற்றை அவிழ்த்தேன். காலுறையையும் உருவினேன்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. சிங்கராயர் வீட்டம்மா வெந்நீர் கலந்திருக்கிறது, நல்ல மனசு. விரல் இருந்த இடத்திலும் ஃபாதர் ஊற்றினார், அங்கேயும் விரல் இருக்கிற மாதிரியே துடைத்தார். எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, அடுத்த பாட்டுக்குப் புத்தகத்தைப் புரட்டினார்கள்.

காருக்குப் போகும்போது சப்பாத்துக்குள் வலது கால் இன்னும் ஈரமாகவும் இடது கால் காய்ந்தும் இருந்தது. கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போயி அந்தக் காலையும் நான் கழுவி விடட்டா அத்தை?" என்றாள். "வேணாம்மா, அது அப்படியே இருக்கட்டும்" என்றேன். உயிர்ப்பு ஞாயிறும் வந்து போய்விட்டது. பூசைக்கு வந்த யோசெப், ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். தினமும் குளிக்கும்போது இடது காலும் நனையத்தான் செய்கிறது, ஆனால் அது வேறு. கழுவாத கால் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வலது கால் இந்த நாட்டில் பதின்மூன்றாவது ஆளாக உட்கார்ந்துவிட்டது. இடது கால் இன்னும் அப்பாவோடு அந்தத் தரையின் ஓரத்தில், யாராவது வராமல் போவார்களா என்று உட்கார்ந்திருக்கிறது.

நான் எழுதியதில் தப்பு இருக்கலாம். காய்ச்சல் என்று வராமல் போனது எந்த வீட்டு ஆள் என்று மறந்துவிட்டேன். பெஞ்சு ஒன்றா இரண்டா என்பதும் சரியாக நினைவில்லை. ஊர்ப் பெயரை எழுதவில்லை, படித்தால் அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியும். அவர்களில் யாராவது வருகிற பெரிய வியாழனுக்கு முன்னால் போய் நின்று பார்த்துச் சொல்லுங்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் கீழத்தெரு ஆள் இப்போது உண்டா? அங்கே கழுவுவது வலது காலையா, இடது காலையா? அதையும் மறக்காமல் பாருங்கள். இடது என்றால் எனக்கு நல்லது, கழுவாமல் காத்திருக்கிற கால் அதுதானே.