அவள் உட்கார்ந்த பலகை

அறுபத்தெட்டாம் வருஷமோ, அறுபத்தொன்பதோ, காய்ச்சலில் என் மனைவி போய்விட்டாள். பட்டுச் சேலையின் உடலோடு கரையை இணைத்துக் கோர்க்க, தறிப் பலகையில் என் பக்கத்தில் உட்காருபவள் அவள்தான். காலி இடத்தைப் பார்த்தால் கை ஓடவில்லை. அவள் பக்கத்தை அறுத்துப் பலகையைக் குறைக்க ஐயம்பேட்டை ஆசாரியைக் கூப்பிட்டேன்.

"பெரிய ரம்பத்தால சீக்கிரம் அறுத்துடுங்க."

"அது நீளவாக்குல கிழிக்கறதுப்பா. குறுக்கால போட்டா சிம்பு சிம்பா பேத்துடும்" என்று பொடிப்பல் ரம்பத்தை எடுத்தார்.

கோடு போடக் குனிந்தவர், பலகை வழவழவென்று தேய்ந்திருந்த இடத்தைத் தடவினார்.

"இங்க யாருப்பா உக்காந்துக்கினு இருந்தது?"

"என் சம்சாரம்."

ரம்பத்தைப் பைக்குள் வைத்தார். "இன்னிக்கு வேணாம்பா. அறுத்தே ஆவணும்னா சொல்லியனுப்பு, வரேன்."

நான் சொல்லி அனுப்பவே இல்லை. கரை கோர்க்க வந்த கூலியாளுக்கு மறுபக்கம் தனி மணை போட்டேன். அன்றே அறுத்திருந்தால் அழுது முடித்திருப்பேனோ, தெரியவில்லை.